அம்மாவின் பெயரில் அச்சிட்ட பற்றீஸ்

எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடக்கும். அன்று மத்தியானம் சாப்பிட்டு எழும்புகிறவர்களின் கையில் ஒரு நினைவு மலரைக் கொடுப்பது வழக்கம். அட்டையில் இறந்தவரின் படம் இருக்கும். உள்ளே தேவாரங்கள், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, இறந்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் ஊரான கரம்பொனிலும் அயலூர்களிலும் இந்த மலர்களைத் தொகுத்துக் கொடுப்பது என் வேலையாகிவிட்டது. யாரும் என்னை நியமிக்கவில்லை. மற்றவர்கள் தொகுத்த மலர்களில் திதியும் தேதியும் பொருந்தாத இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் காட்டிக்கொண்டு திரிந்தேன். அப்ப நீங்களே செய்யுங்கோ என்று விட்டுவிட்டார்கள்.

இந்த வேலையில் எனக்கு இரண்டு விதிகள் உண்டு. பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு தேதியையும் எழுதுவதில்லை. பிழை வந்தால் அச்சகத்தின் தலையில் போடுவதில்லை. அச்சுப்படி திருத்தியவரே பொறுப்பு. ‘அச்சுப் பிழை’ என்று சொல்லித் தப்புகிறவர்களை நான் மதித்ததேயில்லை. பதினேழாவது வயதிலிருந்து நாட்குறிப்பும் எழுதி வருகிறேன். அதில் எதையும் அழிப்பதில்லை. தவறாக எழுதியிருந்தால் மேலே ஒற்றைக் கோடு கீறி, பக்கத்தில் சரியானதை எழுதி, திருத்திய தேதியைப் போடுவேன்.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. என் சொந்த அம்மாவின் மலரில் நான் செய்ததைச் சொல்லும்போது, பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் இரங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அம்மா சென்ற பங்குனியில், தேய்பிறைத் தசமியில் காலமானார். அப்பா தென்பகுதியில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். அம்மா கரம்பொனைவிட்டு அதிகம் வெளியே போகாமல் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். அண்ணன், நான், தங்கை. அண்ணன் நாலு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். தங்கை சின்ன வயதிலேயே கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போனவள். நான் கலியாணம் செய்யாமல் அம்மாவோடேயே இருந்துவிட்டேன்.

மலரின் பக்கங்கள் நாலின் மடங்காக வர வேண்டும். எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தபோது ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்தது. தங்கையிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“அதுக்கென்ன, அம்மான்ர பற்றீஸைப் போடுங்கோ அண்ணா,” என்றாள். “எங்கட வீட்டுக்கு வந்த எல்லாரும் சாப்பிட்டதுதானே. செய்முறையை அப்பிடியே போட்டுவிடுங்கோ.”

அந்தப் பற்றீஸ் அம்மாவினது அல்ல. அது அண்ணனின் மனைவி, என் மச்சாள், சுட்டது.

மச்சாள் நெடுந்தீவுக்காரி. அந்தக் கலியாணத்தில் அம்மாவுக்கு விருப்பமிருக்கவில்லை. கலியாணமாகி ஒரு வருடத்துக்குள் போரால் எல்லோரும் இடம்பெயர்ந்து வலிகாமத்தில் ஒரு பாதி வீட்டில் இருந்தோம். அங்கே ஒரு நாள் அலுமினியச் சட்டிக்குள் மணல் பரப்பி, மூடியின் மேல் தணல் போட்டு, மச்சாள் முதன்முதலாகப் பற்றீஸ் சுட்டார். எண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலம் என்பதால் பொரிக்காமல் சுட்டார். உள்ளே சூரை மீன், உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம், மிளகு. மேல் தோல் பல்லில் பட்டதும் பொலபொலவென்று உதிரும். பிறகு ஊர் திரும்பி, வீட்டில் மின்சார அவண் அடுப்பு வாங்கிய பின்னும் அவர் அதே கணக்கில்தான் சுட்டார்.

வீட்டுக்கு ஆட்கள் வந்தால் மச்சாள் குசினியில் நிற்பார். தட்டை எடுத்துக்கொண்டு முன்னுக்கு வருவது அம்மா. “சூட்டோட சாப்பிடுங்கோ,” என்பார் அம்மா. “அக்கா, உங்கட கை கையேதான்,” என்பார்கள் வந்தவர்கள். அம்மா ஓம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். தட்டை இன்னொருவர் பக்கம் நீட்டுவார். முப்பது வருடம் நான் அதே விறாந்தையில், அதே கதிரையில் இருந்து இதைப் பார்த்தேன். நானும் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துச் சாப்பிட்டேன்.

அண்ணன் இறந்த அடுத்த வருடம் மச்சாள் நெடுந்தீவில் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை எதுவும் இல்லை. இருங்கோ என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அம்மாவின் எட்டாம் நாள் செலவுக்கு வந்த மச்சாள் அந்தியேட்டி வரை நின்று, வந்து போகிறவர்களுக்கெல்லாம் சமைத்தார். ஒரு புதன்கிழமை காலை, கொப்பியோடு குசினிக்குள் போய்ப் பற்றீஸின் அளவுகளைக் கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“என்னத்துக்குத் தம்பி?”

“மலரில போட.”

துருவுவதை நிறுத்திவிட்டார். “மலரிலயோ?” என்றார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாக, நான் எழுதி முடிக்கும்வரை பொறுத்துப் பொறுத்துச் சொன்னார். மா, மாஜரின், தேங்காய்ப்பால், மீன். சொல்லி முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு தரமும் சொன்னார். அவருடைய முகத்தை அப்போது பார்த்தேன். தன்னுடையது ஒன்று அச்சில் வரப்போகிறது என்று அவர் நினைத்தார். அது எனக்குத் தெரிந்தது.

இரவில் தலைப்பை ‘எங்கள் வீட்டுப் பற்றீஸ்’ என்று எழுதினேன். தங்கை கேட்டுவிட்டு, “அம்மான்ர மலர்தானே, அம்மான்ர எண்டே போடுங்கோ,” என்றாள். அவளுக்கு விபரம் தெரியாது. மச்சாள் வருவதற்கு முன்பே போனவள். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அம்மா நீட்டிய தட்டிலிருந்துதான் பற்றீஸ் எடுத்தவள். ‘அம்மாவின் பற்றீஸ்’ என்று மாற்றினேன். அதற்குப் பிறகும் பக்கத்தின் அடியில் இரண்டு வரிக்கு இடம் கிடந்தது. அங்கே இப்படி எழுதினேன்: ‘அன்னார் இக்கைப்பக்குவத்தைத் தம் மருமகளுக்கும் பழக்கி வைத்தார்.’

அந்த வாக்கியத்தை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. பக்கம் நிரம்பினால் பார்க்க வடிவாக இருக்கும் என்று எழுதினேன். மலரின் கடைசியில் என் பெயரில்லை. வழக்கம்போல ‘குடும்பத்தினர்’ என்று போட்டேன்.

முப்பத்தோராம் நாள் மலரை மச்சாளின் கையில் நானே கொடுத்தேன். குசினி வாசலில் நின்று பக்கங்களைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மலரை மூடி, அலுமாரிக்கு மேல் வைத்திருந்த தன் பையில் போட்டுவிட்டுப் பந்திக்குச் சோறு எடுக்கப் போனார். பின்னேரம், “போயிட்டு வாறன் தம்பி,” என்றார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். மேசையில் ஒரு தட்டுப் பற்றீஸ் இருந்தது. ஒன்றை எடுத்துத் தட்டில் தட்டிக் காட்டினாள். டொக் டொக் என்றது.

“தேங்காய்ச் சிரட்டை மாதிரி இருக்குதண்ணா. இவர் சுத்தியல் தேடுறார். நீங்கள் எழுதின கணக்கு பிழையோ?”

“என்ர கணக்குப் பிழைக்காது,” என்றேன்.

கொப்பியை எடுத்து மலரோடு ஒப்பிட்டேன். ஓர் எழுத்தும் மாறவில்லை. அவளோ விடவில்லை. அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு இதைச் சரியாகச் சுட்டு அங்கே எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமாம். “மச்சாளிட்டக் கேளுங்கோவன். அவவுக்கு அம்மா பழக்கினவ எண்டு மலரில இருக்குதே,” என்றாள். ஐந்து மாதத்தில் என் இரண்டு வரி வரலாறாகிவிட்டிருந்தது.

மச்சாளுக்கு ஃபோன் எடுத்தேன். “ஃபோனில சொல்ல ஏலாது. வாரும்,” என்றார்.

ஒரு வியாழக்கிழமை வேலணையில் பஸ் ஏறி, மடத்துவெளி தாண்டி, குறிகட்டுவானில் இறங்கிக் காலைப் படகைப் பிடித்தேன். படகில் ஒரு மன்னிப்பு வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். நெடுந்தீவு இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டு இருந்தேன். கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும்.

“அண்ணை முதல்தரம் வாறியள் போல. பற்றீஸ் ஒண்டு சாப்பிட்டுப் பாருங்கோ. பிறகு பின்னேர போட்டை விட்டிட்டு நிண்டிடுவியள்.”

கண்ணாடிப் பெட்டிக்குள் பற்றீஸ் அடுக்கியிருந்தது. பெட்டியின் முன்கண்ணாடியில், உள்பக்கமாக, அச்சிட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்தது. எழுத்துருவைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. நான் படி திருத்திய பக்கம் அது.

“ஆர் சுடுறது?” என்றேன்.

“இஞ்ச ஒரு அக்கா. கரம்பொன்னில கலியாணம் செய்து போனவ. மாமியார் பழக்கிவிட்டதாம். உதில போட்டிருக்கு, வாசியுங்கோ. என்ர மாமா அந்த மனுசியின்ர அந்திரட்டிக்குப் போய்க் கொண்டந்த புத்தகம். அச்சில வந்த சாமான் எண்டால் சனம் யோசியாமல் வாங்கும்.”

கடை வாசல் மர வாங்கிலில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், “மாமியார் பழக்கி மருமகள் பழகினதோ? என்ர வீட்டில ரெண்டு பேரும் ஒரு அடுப்பைப் பாக்கமாட்டினம்,” என்றார்.

“அவ இந்தத் தாளைப் பாத்தவவோ?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“பாக்காமலோ? ஒவ்வொரு நாளும் காலமை தட்டைக் கொண்டந்து இதுக்கு முன்னாலதானே வைக்கிறவ.”

“ஒண்டும் சொல்லேல்லையோ?”

“அவ கதைக்கிறது குறைவு அண்ணை.”

பற்றீஸை வாங்கிக் கடித்தேன். தோல் பொலபொலவென்று உதிர்ந்தது. எழுந்து நடந்தேன்.

மச்சாளின் வீடு இறங்குதுறையிலிருந்து பதினைந்து நிமிட நடை. கல்வேலிக்கு அப்பால் நின்று, “வாரும் தம்பி. போட் ஆட்டமோ?” என்றார். உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டு மோர் தந்தார். படகில் எழுதிய இரண்டு வாக்கியங்களும் வாயில் வரவில்லை. நான் தொடங்கியது இப்படித்தான்:

“கனடாவில தங்கச்சி சுட்டவ மச்சாள். இறுகிப் போச்சாம்.”

“எப்பிடி இறுகினது? சிரட்டை மாதிரியோ?”

“ஓம். அதே சொல்லுத்தான் சொன்னவ.”

மச்சாள் வாய்விட்டுச் சிரித்தார். “கொப்பி கொண்டந்தனீரோ? வாசியும்.”

“கோதுமை மா இரண்டு சுண்டு,” என்று தொடங்கினேன். சுண்டு என்பது எங்கள் வீடுகளில் மாவும் அரிசியும் அளக்கிற தகரப் பேணி.

“நிப்பாட்டும். நான் என்ன சொன்னனான்? அவிச்ச மா ஒரு சுண்டு, பச்சை மா ஒரு சுண்டு. நீர் கூட்டிப்போட்டீர்.”

புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, அரித்துப் பேணியில் போட்டு வைப்பது எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வது. அவித்த மாவில் இழுபடும் பசை இராது. பாதிக்குப் பாதி அது சேர்ந்ததால்தான் அந்தத் தோல் உதிர்ந்தது. இரண்டும் கோதுமை மா, ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று நான் சுருக்கி எழுதியிருந்தேன். கச்சேரியில் முப்பத்தைந்து வருடம் பத்திரங்களைச் சுருக்கிய பழக்கம்.

“பக்கத்தில நிண்டு பாத்தனான்,” என்றார் மச்சாள். “அச்சடிக்க முதல் ஒருக்கா வாசிச்சுக் காட்டுவீர், அப்ப சொல்லுவம் எண்டு இருந்தனான். நீர் காட்டேல்லை.”

“மலர் வந்தாப் பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே?”

இதைக் கேட்டது நான்தான். கேட்டு முடிக்கும் முன்பே காது சுட்டது.

“அது மாமியின்ர பற்றீஸ் எண்டெல்லோ கிடந்தது. மாமியின்ர மாவில நான் எப்பிடிக் கை வைக்கிறது?”

நான் மோரைக் குடித்தேன். அவர் விடவில்லை.

“நீர் நாள் தவறாமல் எழுதுற ஆள். நான் முதன்முதல் சுட்ட நாள் உம்மட்ட இருக்கோ இல்லையோ?”

“இருக்கு.”

“என்ன எழுதினனீர்?”

“பாக்கேல்லை.”

“மலர் எழுதேக்கையும் பாக்கேல்லையோ?”

“இல்லை.”

அது உண்மை. எந்தக் கொப்பி, எந்தத் தட்டில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கதிரையை விட்டு எழும்பாமலே எடுக்கலாம். பத்திரத்தைப் பார்க்காமல் எழுதுவதில்லை என்ற என் விதியை அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கைவிட்டிருந்தேன். பார்த்திருந்தால் அப்படி எழுத முடியாது.

“திவச மலரில திருத்திப் போடுறன் மச்சாள். உங்கட பேரைப் போட்டு,” என்றேன்.

“வேண்டாம். என்ர பேரை அச்சில போடவும் வேண்டாம், செத்த மனுசியைப் பொய்காரி ஆக்கவும் வேண்டாம். மாமி அதைத் தன்ர எண்டு ஒரு நாளும் சொன்னதில்லை. சும்மா இருந்தவ, அவ்வளவுதான். சொன்னது நீர்.”

கோபமாகச் சொல்லவில்லை. அளவு சொன்னதுபோலவே, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“அப்ப நான் என்ன செய்ய?”

“கடையில அந்தத் தாள் இருக்கு, பாத்திருப்பீர். ஒவ்வொரு நாளும் காலமை அதுக்கு முன்னாலதான் தட்டை வைக்கிறன். நான் எடுக்கச் சொன்னால், மாமியார் கண்ணை மூடின உடன மருமகள் உரிமை கொண்டாடுறாள் எண்டுவினம். நீர் மகன். நீர் சொன்னால் எடுப்பினம். எழுதத் தெரிஞ்ச ஆள்தானே, வாயாலயும் ஒருக்காச் சொல்லும்.”

சொல்கிறேன் என்றேன். மத்தியானம் சாப்பாடு தந்தார். பின்னேரப் படகுக்குப் புறப்படும்போது ஒரு பெட்டியில் ஆறு பற்றீஸ் வைத்துத் தந்தார். வேலியடி வரை வந்தார்.

கடையில் படகுக்குக் காத்திருக்கிறவர்கள் நிறைய நின்றார்கள். காலையில் கண்ட முதியவரும் அதே வாங்கிலில் இருந்தார். நான் கடைக்காரரிடம், “தம்பி, அந்தத் தாளை எடுத்துவிடும்,” என்றேன்.

“ஏன் அண்ணை?”

“அது பிழை. மாமியார் பழக்கினதில்லை. அந்த அக்கா தானாக் கண்டுபிடிச்சுச் சுட்டது. மாமியார் ஒரு நாளும் சுட்டதில்லை. நான் அந்த வீட்டு ஆள், செத்த மனுசியின்ர மகன்.”

இவ்வளவையும் நடுங்காமல் சொன்னேன். கடைக்காரர் தாளைக் குனிந்து பார்த்தார்.

“அப்ப உதில மாறிக் கிடக்கு. ஆர் எழுதினது?”

நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நான்” என்று ஒரு சொல். அதைச் சொல்லத்தான் அந்தக் கடைக்கு வந்திருந்தேன்.

“அச்சகத்தில விட்ட பிழை,” என்றேன்.

“அச்சகக்காரருக்கு அடுப்படியைப் பற்றி என்ன கோதாரி தெரியும்,” என்றார் முதியவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைக்காரர் கத்தியின் முனையால் தாளை உரித்தார். ஒரு மூலை மட்டும் பசையோடு கண்ணாடியில் நின்றுவிட்டது. நான் படகில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில், ‘கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லித் தாளை எடுப்பித்தேன்’ என்று எழுதினேன். பிறகுதான் அந்தப் பழைய கொப்பியை எடுத்தேன். மாசி மாதம், வெள்ளிக்கிழமை. என் இளவயதுக் கையெழுத்தில் இருந்தது: ‘மச்சாள் பற்றீஸ் சுட்டா. மா காணாமல், புட்டுக்கு அவித்து வைத்த மாவையும் சேர்த்துக் குழைத்தவ. அண்ணன் நாலு சாப்பிட்டார். அம்மா தொடவில்லை.’

தங்கை கேட்ட விடை என் அலுமாரியிலேயே இருந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்து மச்சாள் ஃபோன் எடுத்தார்.

“தாள் இல்லை. நல்லது தம்பி.”

“ஓம் மச்சாள்.”

“அச்சகத்தில பிழை விட்டதெண்டு கடைப் பெடியன் சொன்னான். அப்பிடியோ?”

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மா தட்டை அடுத்தவர் பக்கம் நீட்டும்போது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. “சரி, வைக்கிறன்,” என்றார் மச்சாள்.

அன்றைக்கே நாட்குறிப்பின் அந்த வரிக்கு மேல் ஒற்றைக் கோடு கீறி, பக்கத்தில் எழுதித் தேதி போட்டேன்: ‘தாள் எடுக்கப்பட்டது. ஆனால் எழுதியது நான் என்று சொல்லவில்லை. அச்சகத்தின் மேல் போட்டேன்.’ அதை நானன்றி ஒருவரும் வாசிக்கப் போவதில்லை. ஆகவே நாலு பேர் வாசிக்கட்டும் என்று, நீங்கள் வாசிக்கும் இதையும் எழுதினேன். அச்சுக்கு அனுப்பும் முன், இந்தத் தடவை, முழுவதையும் தொலைபேசியில் மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். பேர் ஒருவருடையதும் இல்லை என்றேன். அம்மா பொய் சொன்னதாகவும் எங்கும் இல்லை என்றேன். தங்கைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதைச் சொன்னேன்.

இரண்டே இடங்களில் நிறுத்தினார். மீனைப் பற்றிய விபரம் போதாதாம். அவித்த சூரையைப் பிசையக் கூடாது, விரலால் உதிர்க்க வேண்டும் என்று போடச் சொன்னார். போட்டுவிட்டேன். மற்றது கடையில் நான் சொன்ன இடம். அதை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“கடைக்கு இதின்ர பிரதி ஒண்டு கொண்டந்து குடும்,” என்றார். “அதுக்கு முதல் அந்த அச்சகக்காரரிட்டப் போய்ச் சொல்லும். அந்த மனுசன் உமக்கு என்ன செய்தவர்?”

நாளைக்குக் காலை பத்து மணிக்கு அச்சகம் திறக்கிறது.